ஆயாக்கொட்டகைக் கதவில் நீ ஒட்டிய தாள்

மகனே,

நாளை மறுநாள் நீ கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாகப் போகிறாய். லயத்து வீடுகளில் ஆளுக்கு ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மகன் நம்ம எல்லாரு பேரையும் தூக்கி நிறுத்திட்டாரு லா" என்கிறார்கள். எனக்கோ வயிறு எரிகிறது. பெற்ற தாய் இப்படி எழுதலாமா என்று முகம் சுளிப்பாய். தாராளமாகச் சுளித்துக்கொள். நீ குடியிருக்கும் கிராணி வீட்டுக்கும் நம் லயத்துக்கும் நடுவே ஒரு திடல்தான். அந்தத் திடலைத் தாண்டி இந்த ஒரு வருஷத்தில் நீ எத்தனை முறை வந்தாய் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்தாலும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கோப்பியை ஆறவிடாமல் குடித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்துவிடுகிறாய். வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு நீ இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் சீனர் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த எழுத்து. கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

மறுபடியும் வருஷக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. இந்த வாரம் நம் லயத்தில் மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டன. மூன்றையும் அவற்றின் அம்மாக்கள் விடியற்காலையில் தூக்கிப்போய் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்தார்கள். அங்கே இப்போது இருக்கும் சின்னப் பெண் யார் பிள்ளையைக் கொடுத்தாலும் வாங்கித் தொட்டிலில் போட்டுவிடுகிறாள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. அவளை ஏன் குறை சொல்ல வேண்டும்? பார்த்த ஒருத்தியை நாம் என்ன செய்தோம் என்பது அவளுக்கும் தெரியும்தானே. போன வருஷம் நடந்தது இந்த வருஷமும் நடக்கப்போகிறது. நீ மாலை போட்டுக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போகிறாய். அங்கேயும் ஓர் ஆயாக்கொட்டகை இருக்கும், அங்கேயும் மழை பெய்யும். நான் வாயை மூடிக்கொண்டு உன்னை வழியனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது.

ஆயா லூர்தம்மாவை உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கமாட்டேன். நினைவிருக்கும். நாங்கள் செம்பனைப் பழம் பொறுக்கவும் புல் வெட்டவும் போன காலமெல்லாம் நீயும் உன் அக்காவும் அவள் கட்டிய தொட்டிலில்தான் தூங்கினீர்கள். அவளுடைய டார்ச் லைட்டும் நினைவிருக்கும். விடியற்காலை இருட்டில் நாங்கள் வரிசையாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்போம். அவள் வாசலிலேயே நின்று ஒவ்வொரு பிள்ளையின் முகத்திலும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பாள். வாயை முகர்ந்து பார்ப்பாள். அரைத்துணியைத் தொட்டுப் பார்ப்பாள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ என்று தெரிந்துவிட்டால், தலைகீழாக நின்றாலும் உள்ளே விடமாட்டாள். "ஒரு புள்ளைக்கு வந்தா இருபது புள்ளைக்கு வரும். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க அக்கா. வாந்தி நின்னு ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டாங்க, நான் வேணான்னா சொல்றேன்?" என்பாள். நாங்கள் அவளைத் திட்டாத திட்டு இல்லை. "இவ என்ன பெரிய டாக்டரா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன், நானே.

பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் தாய்க்கு அன்றைக்கு வேலை போச்சு. மழைக்காலத்தில் வேலை கிடைப்பதே அரைகுறை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராதவளின் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் வேறு கத்திக்கொண்டே இருப்பார். அதனால் பெண்கள் எல்லாரும் வித்தை கற்று வைத்திருந்தோம். பிள்ளையின் வாயைக் கழுவி, இஞ்சி தட்டிப் போட்ட கடுந்தேநீர் இரண்டு வாய் புகட்டி, காய்ந்த சட்டையாகப் பார்த்துப் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, துண்டால் முகத்தை மூடித் தோளில் சாய்த்துக்கொண்டு போய், "ராத்திரியெல்லாம் தூங்கல ஆயா, இப்பத்தான் கண்ண மூடுச்சு, எழுப்பாதீங்க" என்று கொடுப்பது. இதை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் கொடுத்தோம். அந்த டார்ச் லைட் ஒன்றுதான் எங்களைக் காட்டிக் கொடுத்தது. அதனால்தான் ஐந்தாறு பேர் சேர்ந்து மண்டோரிடம் போய் முறையிட்டோம். மண்டோர் ஆபீசில் சொன்னார். ஆள் குறைகிறது என்றதும் ஆபீசுக்கு மட்டும் உடனே காது கேட்டுவிட்டது. இந்த எண்பத்தாறாம் வருஷத்திலும் பத்து வீட்டுக்கு ஒரு பைப்பு என்று நாங்கள் கத்துவது மட்டும் அந்தக் காதில் ஏறவே ஏறாது.

அப்போது நீ சின்னக் கிராணியாகச் சேர்ந்து இரண்டு மாதம். உன் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும் என்று பெரிய கிராணிக்குப் பெருமை. "எந்தப் பிள்ளையையும் எக்காரணம் கொண்டும் திருப்பி அனுப்பக்கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று தமிழில் அழகாக எழுதி, நீயே பசை தடவி ஆயாக்கொட்டகைக் கதவில் ஒட்டினாய். டார்ச் லைட்டையும் வாங்கிக்கொண்டு போய் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். அன்று சாயங்காலம் பைப்படியில் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். ஏனென்றால் அந்த எழுத்து என் மகன் எழுத்து.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் உன் அக்கா ராவாங்கிலிருந்து வந்தாள். தொழிற்சாலை ஹாஸ்டலில் எட்டுப் பெண்களுக்கு ஓர் அறை, ஒரு கக்கூஸ். அறையில் ஒருத்திக்கு வயிறு கெட்டு, அடுத்தவளுக்கு வந்து, வெள்ளிக்கிழமை இவளுக்கும் வந்து, வரும்போது சரியாகிவிட்டது. "வாந்தியெல்லாம் நின்னுபோச்சும்மா, ஒன்னுமில்ல" என்றாள். நான் நம்பினேன். நோய் நின்ற பிறகும் அது ஆளிடம் இருக்கும், கையோடு வரும் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் விட்டுவைத்து வாரம் முழுக்கப் பார்க்காத தன் மகனை விடுவாளா? குமரனுக்குக் கையால் சோறு பிசைந்து ஊட்டினாள், தன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு தூங்கினாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழ அழ விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை விடியும் முன்னே பிள்ளை பாயெல்லாம் வாந்தி எடுத்தது. நான் துடைத்தேன். பத்து நிமிஷத்தில் மறுபடி எடுத்தது. மறுபடி துடைத்தேன். பைப்பில் தண்ணீர் வரும் நேரம் அது இல்லை. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் கையை அலசிக்கொண்டு, அதே கையால்தான் தேநீர் ஆற்றினேன்.

அன்றைக்கு நான் வீட்டில் இருந்திருக்கலாம். மகனே, இதைத்தான் ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் போட்டு அமுக்கி வைத்திருக்கிறேன். லயத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் மண்டோருக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். எனக்கு அந்தப் பயம் இல்லை. சின்னக் கிராணியின் அம்மாவுடைய இடத்தை எந்த மண்டோர் பிடுங்குவார்? முந்தின நாள் நீ வந்து, "அம்மா, பெரிய கிராணி லீவு. நாளைக்குப் பெரட்டுல நான்தான் பேர் கூப்பிடப்போறேன். நீங்க இல்லாமப் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். விடியற்காலைப் பெரட்டில், இருநூறு பேர் வரிசையாக நிற்கும் அந்த இடத்தில், இத்தனை வருஷம் யார் யாரோ ஏனோதானோ என்று கூப்பிட்ட என் பெயரை என் வயிற்றில் பிறந்தவன் கூப்பிடப் போகிறான். அதைக் கேட்காமல் எப்படி இருப்பேன்? உன் அப்பாவைப் பிள்ளையோடு வீட்டில் இருக்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் அதற்காகத்தான் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

வித்தை எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். வாயைக் கழுவினேன், தேநீர் புகட்டினேன், திருநீறு பூசினேன். லூர்தம்மா வாசலில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால் கதவில் உன் தாள். "தூங்குறான், எழுப்பாதீங்க" என்று கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நிற்கவில்லை, ஓடினேன். பெரட்டில் நீ என் பெயரைக் கூப்பிட்டாய். "வந்துட்டேங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரத்தில் குமரன் அங்கே பக்கத்துத் தொட்டில் துணியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை இரவு குமரனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு வந்தது. புதன்கிழமை எனக்கு வந்தது, அவன் துணியைத் துவைத்தவள் நான்தானே. அதே நாள் லூர்தம்மாவுக்கு வந்தது, அவன் எடுத்ததை வாரிக் கொட்டியவள் அவள்தானே. பிறகு அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள், அவர்கள் வீட்டுப் பெரிய பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். மழையில் துணி காயவில்லை. ஈரத்தோடு எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தோம். சுகமில்லாத வீட்டுக்குப் போகாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று ரொட்டி டின்னைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். போன வீட்டில் வாந்தித் துணியை அலசிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு வந்து நம் பிள்ளைக்குச் சோறு ஊட்டினோம். சரோஜாவின் ஒன்பது மாதப் பெண் குழந்தைக்குக் கண் உள்ளே போய்விட்டது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் வாந்தி வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவள் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே கொடுக்காமல் வைத்திருந்தாள். லோரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் நாலு நாள் தண்ணீர் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அந்த லோரி புறப்பட்டபோது சரோஜா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வியாழக்கிழமை டிரஸ்ஸர் வந்தார். வாரத்துக்கு ஒரு நாள் நம் தோட்டத்து மருந்து அறைக்கு வருவாரே, அவர்தான். நான் குமரனோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மண்டோர், "ஆயாக்கொட்டகைப் பால்ல ஏதோ ஆயிருக்கு சார்" என்றார். டிரஸ்ஸர் தலையை ஆட்டினார். "பால்ல இருந்தா, குடிச்ச புள்ளைங்க எல்லாம் ஒரே நாள்ல படுத்திருக்கும். இது ஒரு வீடு, அடுத்த வீடுன்னு நடந்து வருது. ஆயாக்கொட்டகைல ஒரு வாய் பால் குடிக்காத லோரி டிரைவருக்கு எப்படி வந்துச்சு? வெள்ளைக்கார நாட்டுல குளிர்காலம் வந்தா இதே மாதிரி வரும். நமக்குக் குளிர் ஏது, மழைதான். சாப்பாட்டை அப்புறம் பாருங்க. மொதல்ல எந்த வீட்டுல வந்துச்சு, யாரு யாரைத் தொட்டாங்க, அதக் கேளுங்க" என்றார். மண்டோர் வரிசையைத் திரும்பிப் பார்த்து, "மொதல்ல யாரு வீட்டுலம்மா?" என்று கேட்டார். ஒருத்தரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. குமரன் என் தோளில் கிடந்தான். அவனைக் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் நான் செய்தது.

அடுத்த வாரம் நீ எழுதிய அறிக்கையைப் பெரட்டுக் கொட்டகைப் பலகையில் ஒட்டினீர்கள். மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒன்று, எங்களுக்குத் தமிழில் ஒன்று. நான் படித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "ஆயாவின் அசுத்தமான பால் கலவையே நோய்க்குக் காரணம். ஆயா தமக்கு உடல்நலமில்லை என்று தெரிந்தும் பணிக்கு வந்துள்ளார்." ஐயா ராஜா, அவள் புதன்கிழமையே ஆபீஸ் வாசலில் வந்து நின்று லீவு கேட்டாளே! மாற்று ஆள் இல்லை, போய் வேலையைப் பார் என்று விரட்டியது யார்? பிள்ளையைத் திருப்பி அனுப்பாதே என்று தாள் ஒட்டியது யார்? பார்க்கிற வெளிச்சத்தைப் பிடுங்கிப் பூட்டியது யார்? எல்லாவற்றையும் செய்துவிட்டு, கடைசியில் அவள் தலையில் கட்டிவிட எப்படி மனசு வந்தது உங்களுக்கு? டிரஸ்ஸர் சொன்னதில் ஒரு வரி கூட அதில் இல்லை. எத்தனையோ வருஷம் பிள்ளைகளைக் காப்பாற்றியவள், வேலையும் போய், வேலையோடு கொடுத்த வீடும் போய், ஒரு டிரங்குப் பெட்டியும் மாதா படமுமாகப் பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் சரோஜா, "எம் புள்ளையக் கொல்லப் பாத்தியேடி" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பேசவில்லை? உனக்காக. அது நீ எழுதிய முதல் அறிக்கை. நான் வாயைத் திறந்தால், "கிராணி வீட்டுப் புள்ளைதான் மொதல்ல கொண்டாந்துச்சாம், அத மறைச்சு எழுதிட்டாராம்" என்று ஊர் சிரிக்கும், உன் வேலை போகும் என்று பயந்தேன். உனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் எழுதிவிட்டாய், பாவம் பிள்ளை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் அப்பாவிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன். "புள்ள முன்னுக்கு வர்ற நேரத்துல ஏன் லா இதயெல்லாம் கிளறிக்கிட்டு? போன சூசா தொல்லையெல்லாம் போனதாவே இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்று நானும் விட்டேன். ஒரு வருஷம் விட்டேன்.

போன சனிக்கிழமை உனக்கு வேட்டி சட்டை வாங்கப் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போனேன். துணிக்கடையிலிருந்து வெளியே வந்தால் எதிரே லூர்தம்மா, கையில் மீன் பை. நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை. "அக்கா, குமரன் எப்படி இருக்கான்? இன்னும் விரல் சப்புறானா?" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. நடுத்தெருவில், மழைத் தூறலில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். "என்னை மன்னிச்சிரு லூர்து. எம் புள்ள கொண்டாந்த நோயி. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். அவள் கையை உருவிக்கொண்டாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"எனக்கு மட்டும் தெரியாதா? டார்ச் லைட்டத்தான வாங்கிக்கிட்டாங்க, மூக்க வாங்கிக்கல்லியே! கையில வாங்கும்போதே தெரிஞ்சு போச்சு. கதவுல தாள ஒட்டிட்டீங்க, நான் என்னா செய்ய? ஓரமாத்தான் போட்டேன், பத்து நிமிஷத்துல பக்கத்துத் தொட்டில்ல எடுத்துட்டான்."

"அப்ப ஏன் சொல்லல? ஒம் பேரக் காப்பாத்திக்கலாம்ல?"

"யாரு சொன்னா சொல்லலன்னு? ஒங்க மகன்கிட்டயேதான் சொன்னேன். விசாரிக்க வந்து உக்காந்தாரு. மொதல்ல எந்தப் புள்ளைக்கு வந்துச்சுன்னு கேட்டாரு. சொன்னேன். எழுதிக்கிட்டிருந்த பேனாவ மூடிட்டாரு. 'சரி ஆயா, நீங்க போங்க'ன்னாரு. அவ்வளவுதான் அக்கா. அதுக்கப்புறம் நான் யாருகிட்ட போயி சொல்ல?"

மகனே, உனக்கு வாங்கிய வேட்டி என் கையில் இருந்தது. அதை அங்கேயே சாக்கடையில் போட்டுவிடலாமா என்றிருந்தது. ஒன்றும் தெரியாத பிள்ளை என்று நான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நீயோ எல்லாம் தெரிந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். நல்ல தாய், நல்ல மகன்! நம் இரண்டு பேரின் பாசத்துக்கும் அவள் வீடு வாசலைக் கொடுக்க வேண்டியிருந்தது. நீ லயத்துக்கு ஏன் வருவதில்லை, நாற்காலி நுனியில் ஏன் உட்காருகிறாய், என் கண்ணை ஏன் பார்ப்பதில்லை என்றெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நீ பெரிய ஆளாகிவிட்டதால் வரவில்லை என்று நினைத்து உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தால் உனக்கு அந்தப் பேனா நினைவுக்கு வருகிறது, அதுதானே? ஒரு வார்த்தை, "அம்மா, நம்ம வீட்டுலேருந்துதான் வந்துச்சாமே" என்று நீ கேட்டிருந்தால், "ஆமாம்யா" என்று அன்றைக்கே சொல்லித் தொலைத்திருப்பேன். உனக்கும் கேட்க வாய் வரவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

நான் உன்னைத் திட்டுவது நோய் வந்ததற்காக இல்லை. நோய் வரும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வரும், ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தால் வரும், வாந்தியைத் துடைத்தவளுக்கு வரும். அதில் உன் அக்காவும் குற்றவாளி இல்லை, குமரனும் இல்லை. நானே அவனை வீட்டில் வைத்திருந்தால் எங்கள் மூன்று பேரோடு போயிருக்கும். சுகமில்லாதவளை வீட்டில் இருக்க விடாத ஊரில்தான் அது லயம் லயமாக நடக்கிறது. அந்த விடாத வேலையைச் செய்வது யார் தெரியுமா? பெரட்டில் பேர் கூப்பிடுகிறவன்தான். நாளை மறுநாளிலிருந்து அந்தத் தோட்டத்தில் அது நீ. பிள்ளைக்கு வாந்தி என்று ஒருத்தி வந்து நின்றால், பட்டியலில் பேரை அடிக்காமல் மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொல். அவள் இடம் அவளுக்கே இருக்கும் என்று நீயே மண்டோரிடம் சொல்லிவை. ஆயாவுக்கே முடியவில்லை என்றால் மாற்று ஆள் தேடுவது உன் வேலை, அவள் வேலை இல்லை. ஆயாக்கொட்டகைக்குத் தனியாக ஒரு பைப்பு வை, சவுக்காரம் தீர்ந்தால் கேட்கும் முன்னே வாங்கிப் போடு. யாருக்காவது வயிறு கெட்டால் சட்டியை முகர்ந்து பார்க்கும் முன் யாருக்கு முதலில் வந்தது என்று கேள். பதில் உன் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் பேனாவை மூடாதே.

உன் பெட்டியில் புது வேட்டிக்குக் கீழே துண்டில் சுற்றி ஒரு டார்ச் லைட் வைத்திருக்கிறேன். பேட்டரி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். போன அன்றைக்கே அந்தத் தோட்டத்து ஆயாவின் கையில் கொடு. யாராவது ஆபீசில் வந்து முறையிட்டால், இது என் அம்மா கொடுத்தது, பிடுங்க மாட்டேன் என்று சொல்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை எழுதினேன். ஒன்று உனக்கு. உன் அப்பா கையில் கொடுத்து இன்று சாயங்காலம் அனுப்புகிறேன். இன்னொன்றைப் பசை தடவி, பெரட்டுக் கொட்டகைப் பலகையில், உன் அறிக்கை ஒட்டியிருந்த அதே இடத்தில் ஒட்டிவிட்டேன். சரோஜா படிக்கட்டும், மண்டோர் படிக்கட்டும், மேனேஜருக்கு யாராவது ஆங்கிலத்தில் சொல்லட்டும். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒட்டிவிட்டேன். விடிவதற்குள் யாரும் அதைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ள லூர்தம்மாவின் தம்பியையோ போலீசையோ கூப்பிடமாட்டேன். கிழிப்பதென்றால் அது நீயாகத்தான் இருக்க வேண்டும்.

நாளைக் காலை இங்கே நீ பேர் கூப்பிடும் கடைசிப் பெரட்டு. லூர்தம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறாள். நான் வழக்கமாக நிற்கிற வரிசையில் நிற்கமாட்டேன், அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பேன். தாள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேதான் நிற்பேன். முதலில் அவள் பெயரைக் கூப்பிடு. அது உன் பட்டியலில் இல்லை, ஒரு வருஷத்துக்கு முன்னே நீயே அடித்துவிட்டாய். இருந்தாலும் கூப்பிடு. அதற்கப்புறம் என் பெயரைக் கூப்பிட்டால், வந்துட்டேங்க என்பேன். அவள் பெயரைக் கூப்பிடாமல் என் பெயரைக் கூப்பிட்டால், இருநூறு பேர் முன்னாலும் நான் வாய் திறக்கமாட்டேன். ஆள் வரவில்லை என்று எழுதிக்கொள்.

அம்மா